சித்த சுவாதீனம்: மனசு யார் கையில் இருக்கிறது?

பெரியப்பா உயில் எழுதிய அன்று நானும் கூட இருந்தேன். ஆவண எழுத்தர் தன் கணினியில் இருந்த ஒரு பழைய நகலைத் திறந்து, பெயர், வயது, சர்வே எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். "நான் நல்ல நினைவோடும், சித்த சுவாதீனத்தோடும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்..." அவ்வளவுதான், பெரியப்பா கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"தம்பி, சுவாதீனம்னா நிலத்துக்குத்தானே எழுதுவீங்க? இதுல எதுக்கு வருது?"

எழுத்தர் சிரித்தார். "அது எப்பவும் போடுற வரிங்கய்யா. போடலேன்னா நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேப்பாங்க."

கேட்டதற்குப் பதில் அது இல்லை. ஆனால் பெரியப்பா சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார். கிரையப் பத்திரங்களில் 'சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்' என்று வரும் அதே சுவாதீனம்தான் இதுவும். நிலத்துக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டு சொற்கள் இல்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிது. வடமொழியில் 'ஸ்வ' என்றால் தன், 'அதீனம்' என்றால் ஒருவருக்குக் கட்டுப்பட்டு அவர் வசத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் ஸ்வாதீனம், தன் வசத்தில் இருப்பது. இதற்கு எதிர்ச்சொல் பராதீனம், பிறர் வசம். திருவாவடுதுறை ஆதீனம், தருமபுரம் ஆதீனம் என்கிறோமே, அந்த ஆதீனமும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். உரிமை, ஆளுகை என்ற பொருளில் தொடங்கி, ஆளுகைக்கு உட்பட்ட மடத்துக்கும், பிறகு மடத்தின் தலைவருக்குமே பெயராகிவிட்டது.

தமிழில் இந்தச் சொல் புழங்கும் இடங்களைக் கவனித்தால் ஒரு சங்கதி பிடிபடும். நிலம் சுவாதீனத்தில் இருக்கிறது என்கிறோம். பக்கவாதம் வந்தவரைப் பற்றி 'ஒரு கையும் காலும் சுவாதீனமில்லை' என்கிறோம். அந்தக் கை எங்கேயும் போய்விடவில்லை, உடம்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தூக்கு என்றால் தூக்காது, மடக்கு என்றால் மடங்காது. கை இருக்கிறது, அவர் சொல் கேட்பதில்லை. பத்திரம் நம் பெயரில் இருந்தும் வேறொருவர் வேலி போட்டு உழுதுகொண்டிருக்கும் நிலம் மாதிரி. சித்த சுவாதீனம் இல்லை என்று சொல்லும்போதும் இதையேதான் சொல்கிறோம். மனம் இல்லாமல் போகவில்லை, கெட்டுப்போகவும் இல்லை. அது இப்போது அவர் பிடியில் இல்லை, அவ்வளவுதான்.

யாராவது கேட்காமல் கொள்ளாமல் அடுக்களைக்குள் நுழைந்து தண்ணீர் மொண்டு குடித்தால் 'சுவாதீனமாக உள்ளே வந்தார்' என்று கதைகளில் எழுதுவார்கள். தன் வீடு போல, உரிமையோடு என்று அர்த்தம். பக்கத்து மொழிகளுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. தெலுங்கில் ஸ்வாதீனம் என்றால் கைப்பற்றுவது. திருட்டு நகையைப் போலீஸ் கைப்பற்றினாலும் அந்தச் சொல்தான். இந்தியில் ஸ்வாதீன் என்றால் சுதந்திரமானவர். மலையாளத்தில் இதே சொல்லுக்குச் செல்வாக்கு என்று பொருள், அதாவது அடுத்தவர் மேல் நமக்கு இருக்கும் பிடி. ஒரே சொல் ஒரு மொழியில் விடுதலை, இன்னொன்றில் பிடிமானம். அகராதியைப் புரட்டும்போது இந்த மாதிரி இடங்களில் நான் நின்றுவிடுவேன், வந்த வேலை மறந்துபோகும்.

சரி, சித்தம்? இங்கே ஒரு சின்னக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். தமிழ் எழுத்தில் சித்தம் என்று ஒரே மாதிரி எழுதினாலும் அதற்குள் இரண்டு வடசொற்கள் இருக்கின்றன. ஒன்று 'சித்த': 'சித்' என்ற வேரிலிருந்து வருவது, உணர்தல், அறிதல் என்று பொருள். இன்னொன்று 'ஸித்த': கைகூடியது, நிறைவேறியது. சித்தர், சித்த மருத்துவம், 'புறப்படச் சித்தமாக இருக்கிறேன்' இவையெல்லாம் இரண்டாவது வீட்டுப் பிள்ளைகள். நம் சித்த சுவாதீனம் முதல் வீடு. ஆகவே சித்த வைத்தியம் என்றால் மனசுக்கு வைத்தியம் என்று யாராவது விளக்கினால் நம்பவேண்டாம்.

சைவ சித்தாந்தம் உள்ளே இருக்கும் கருவிகளை நான்காகப் பிரித்து அந்தக்கரணம் என்று சொல்லும்: மனம், புத்தி, அகங்காரம், சித்தம். மனம் ஒன்றைப் பற்றும், சித்தம் அதையே சிந்தித்துக்கொண்டிருக்கும், அகங்காரம் 'நான்' என்று எழும், புத்தி முடிவு சொல்லும். இந்தக் கணக்குப்படி உயிலுக்குத் தேவையானது புத்தி சுவாதீனம்தான். அப்படியும் எழுதுவது உண்டு, புத்தி சுவாதீனமில்லாதவர் என்று பேச்சிலும் கேட்கலாம். ஆனால் அன்றாடத் தமிழில் இந்த நான்குக்கும் நடுவே யாரும் கோடு போட்டுக்கொண்டு பேசுவதில்லை. புத்தி என்ற சொல்லின் வேர் 'புத்', விழித்துக்கொள்வது. புத்தர் என்றால் விழித்தவர். ஆக, புத்தி வந்தது என்றால் வேர்ப்பொருளில் முழிப்பு வந்தது.

ஆங்கிலம் இதே விஷயத்தை வேறு பக்கமிருந்து பார்க்கிறது. சானிட்டி என்ற சொல் லத்தீன் 'சானுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு நோய்நொடி இல்லாத, ஆரோக்கியமான என்று பொருள். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் சானிட்டி உடம்பின் ஆரோக்கியத்தைத்தான் குறித்தது, பிற்பாடுதான் மனசுக்கு நகர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. தூய்மைப் பணி தொடர்பாக வரும் சானிட்டரி என்ற சொல்லும் இதே வேர். சென்னை மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்று நிலையத்தின் பெயர் அறிவிக்கிறார்களே, அதுவும் இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான், நலமாக்கும் இடம் என்று பொருள். அங்கே இருந்த காசநோய் மருத்துவமனையால் நிலையத்துக்கு வந்த பெயர் அது.

சட்டத்தில் புழங்கும் ஆங்கிலத் தொடர் 'சவுண்ட் மைண்ட்'. இந்த சவுண்டுக்கும் ஓசைக்கும் சம்பந்தம் கிடையாது, இரண்டுக்கும் வேர் வேறு. இது பழைய ஜெர்மானியச் சொல். ஓட்டை உடைசல் இல்லாத, முழுசான என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் 'கெசுண்ட்' என்றால் ஆரோக்கியமான. ஆக, பாத்திரம் உடைந்திருக்கிறதா என்று ஆங்கிலம் கேட்கிறது. பாத்திரம் யார் கையில் இருக்கிறது என்று நம் பத்திரத் தமிழ் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். சட்டம் உண்மையில் சோதிப்பது இரண்டாவது கேள்வியைத்தான் என்பது என் கட்சி.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12-ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில், அது என்ன என்று ஒருவருக்குப் புரிய வேண்டும், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று யோசித்து முடிவெடுக்க முடிய வேண்டும். முடிந்தால் அவர் சித்த சுவாதீனம் உள்ளவர். 'அந்த நேரத்தில்' என்பதுதான் இதில் உயிர்நாடி. பெரும்பாலும் சுவாதீனம் இல்லாமல் இருந்து இடையிடையே தெளியும் ஒருவர், தெளிந்திருக்கும்போது ஒப்பந்தம் செய்யலாம். பெரும்பாலும் தெளிவாக இருக்கும் ஒருவர், சுவாதீனம் தப்பியிருக்கும் நேரத்தில் செய்யக் கூடாது. சட்டமே இரண்டு உதாரணங்கள் தருகிறது. மனநோய் விடுதியில் இருப்பவர் தெளிந்திருக்கும் இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம். நல்ல மனநிலை உள்ளவராகவே இருந்தாலும் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருப்பவரும், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாத அளவுக்குக் குடித்திருப்பவரும் அந்த நிலை நீடிக்கும்வரை செய்ய முடியாது.

மனநோய் விடுதியில் இருப்பவருக்கு முடியும், கல்யாண வீட்டில் மூக்குமுட்டக் குடித்தவருக்கு முடியாது! 150 வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் இன்னும் 'ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், அவர் கையெழுத்து செல்லுமா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உயிலுக்கும் இதே கணக்குதான். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 59-ஆம் பிரிவுப்படி, மைனர் அல்லாத, சித்த சுவாதீனமுள்ள யாரும் உயில் எழுதலாம். பார்வை இல்லாததோ, காது கேளாததோ, பேச முடியாததோ தடையில்லை. தான் செய்வது என்ன என்று தெரிந்தால் போதும். மனநிலை சரியில்லாதவர்கூட, தெளிந்திருக்கும் இடைவேளையில் எழுதலாம். பெரியப்பா மாதிரி வயதானவர்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். மறதிநோய் உள்ள பலருக்குக் காலையில் பேச்சு தெளிவாக இருக்கும், பொழுது சாயச் சாயக் குழப்பம் ஏறும். காலை 10 மணிக்கு 'வடக்குத் தெரு வீடு சின்னவளுக்கு, ஏனென்றால் அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள்' என்று காரணத்தோடு சொன்னவர், சாயங்காலம் சின்னவளையே யாரென்று கேட்கலாம். காலையில் எழுதியது அதனால் செல்லாமல் போய்விடாது. ஆனால் பின்னால் வழக்கு வந்தால், உயிலைக் கொண்டுவருகிறவர்தான் அது அந்தக் காலை நேரத்தில் எழுதப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். ஆகவேதான் சிலர் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி உடன் வைக்கிறார்கள். சட்டப்படி அது கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

எழுத்தர் வாசித்த அந்த வரியில் 'பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல்' என்று அடுத்து வந்ததை நினைவில் வைத்திருக்கிறீர்களா? சட்டத்தில் அது தனி விஷயம், அதற்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் சொல்லின் கணக்கில் பார்த்தால் அது சுவாதீனத்தின் மறுபக்கமே. முதல் பாதி மனம் தன் வசம் இருக்கிறது என்கிறது, அடுத்த பாதி பிறர் வசம் இல்லை என்கிறது. அந்த நீண்ட வாக்கியத்தை முதலில் கோத்தவர் யாரோ, சொல் தெரிந்த ஆள்.

இனி எதிர்ப்பக்கம். சுவாதீனம் தப்பியதைச் சொல்லத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. பித்து என்பது பித்தத்திலிருந்து வந்தது. வாதம், பித்தம், கபம் மூன்றில் பித்தம் மிஞ்சித் தலைக்கேறினால் புத்தி தடுமாறும் என்பது பழைய வைத்தியம். பைத்தியம் என்ற சொல்லும் பித்தத்தின் வழி வந்ததுதான்; பித்தம் சார்ந்தது என்பதே அதன் முதல் பொருள். இன்று வசையாகிவிட்ட சொல் ஒரு காலத்தில் பித்தக்கோளாறுக்கு வைத்த வைத்தியப் பெயர். லூசு என்று சொல்வது ஆங்கிலத்திலிருந்து வந்தது. மறை கழன்றது, நட்டு கழன்றது என்பவற்றோடு சேர்த்துவைக்கலாம், எல்லாமே இறுக்கம் போன இயந்திரம். மையல் என்றால் இன்று காதல் மயக்கம். குறளில் அது பித்துப் பிடித்தவர்: பேதையின் கையில் உடைமை சேர்ந்தால், மையல் கொண்டவன் கள்ளும் குடித்தது போல ஆகும் என்கிறது 838-ஆம் குறள். அங்கேயும் சொத்து விவகாரம்தான், பாருங்கள்.

பித்தன் என்ற சொல்லும் ஓலைப் பத்திரமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ' என்கிறார். ஓர் அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவதா, 'பித்தனோ மறையோன்' என்று சுந்தரர் கேட்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, மூல ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. வந்தவர் சிவன் என்று தெரிந்தபின், என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு என்கிறார் அவர். 'பித்தா பிறைசூடீ' என்று சுந்தரரின் முதல் தேவாரம் பிறக்கிறது. ஒரு வழக்கில் எதிராளியின் சித்த சுவாதீனத்தைச் சந்தேகித்து, அந்த வசையையே துதியாக மாற்றிப் பாட நேர்ந்த ஒரே பிரதிவாதி சுந்தரராகத்தான் இருப்பார்.

பிறை என்றதும் இன்னொன்று. 1912-இல் இந்தியாவில் வந்த மனநோயாளிகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே லூனசி என்று நிலா உண்டு. லத்தீனில் லூனா என்றால் நிலா. நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு புத்தியும் மாறும் என்று அங்கே நம்பினார்கள். இரண்டு கதைகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. நிலா எல்லா ஊரிலும் தெரிகிறது, அவ்வளவுதான்.

சுவாதீனம் வடசொல். தமிழ் வேர்ச்சொல்லில் சொல்ல வேண்டும் என்றால் என்ன சொல்வது? தெளிவு. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சொல் கிடையாது. போதை தெளிந்தது, மயக்கம் தெளிந்தது, பித்தம் தெளிந்தது. இதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் தேறு, தேற்று. உடம்பு தேறியது, பரீட்சையில் தேறினான், மனசைத் தேற்றிக்கொண்டாள். இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது கலங்கிய தண்ணீர்.

தேற்றாங்கொட்டை பார்த்திருக்கிறீர்களா? சின்னதாக, உருண்டையாக, பொத்தான் மாதிரி இருக்கும். மண்பானையின் உட்பக்கத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு, கலங்கல் தண்ணீரை அதில் ஊற்றி அசைக்காமல் வைத்துவிட வேண்டும். கொட்டையிலிருந்து கரைந்த பசை, மிதக்கும் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கனத்துப்போன துகள்கள் மெல்ல அடியில் உட்காரும், மேலே தண்ணீர் தெளியும். இதில் கவனிக்க வேண்டியது, மண் எங்கேயும் போவதில்லை. பானையின் அடியில் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டினால் மறுபடி கலங்கும்.

கலித்தொகையில், நெய்தல் கலியில், காதலனைப் பிரிந்து பித்துப் பிடித்தவள் போல அழுதும் சிரித்தும் அலையும் ஒருத்தி வருகிறாள். அவன் திரும்பி வந்ததும், இல்லத்தின் விதையால் தேற்றிய கலங்கல் நீர் போலத் 'தெளிந்து நலம்பெற்றாள்' என்று பாட்டு முடிகிறது. அங்கே இல்லம் என்றால் வீடு இல்லை, தேற்றா மரத்தின் பழைய பெயர். சித்தம் தன் வசம் திரும்பிவருவதற்கு இதைவிடத் துல்லியமான உவமையை நான் படித்ததில்லை. தெளிந்தாள் என்று மட்டும் நிறுத்தாமல் நலம் பெற்றாள் என்றும் சேர்த்ததைப் பாருங்கள்.

ஏனென்றால் இன்று நாம் எங்கும் பயன்படுத்தும் சொல் மனநலம். மனநல மருத்துவர், மனநலக் காப்பகம் என்றெல்லாம் பலகைகளில் பார்ப்பதால் இது நேற்றுச் செய்த சொல் என்று நினைக்கத் தோன்றும். சொல் பழையது, பொருள்தான் புதிது. 'மனநலம் மன்னுயிர்க் காக்கம் இனநலம் எல்லாப் புகழும் தரும்' என்பது 457-ஆம் குறள். ஆனால் அது சிற்றினம் சேராமை அதிகாரத்தில், கெட்ட சகவாசம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் வருகிறது. அங்கே மனநலம் என்றால் மனசின் நல்ல குணம். குறளின் கணக்குப்படி, நோய் எதுவும் இல்லாத ஒரு மோசடிக்காரனுக்கு மனநலம் கிடையாது. இன்றைய கணக்கில் அவன் பூரண மனநலத்தோடுதான் மோசடி செய்கிறான், சித்த சுவாதீனத்தோடும்கூட.

இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். மனநலம் குறைவது ஒரு மருத்துவ விஷயம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது. அவர் வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார், மகளுக்கு வரன் பார்க்கிறார், மனம் அவர் வசத்தில்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது என்பதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. அதைத் தகுதிவாய்ந்த நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் தகுதியிழப்பைப் பற்றிச் சொல்லும் அரசமைப்பின் 102-ஆம் பிரிவும் இப்படித்தான் கேட்கிறது, நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும் என்று. சொந்தக்காரர்களோ பக்கத்து வீட்டுக்காரர்களோ அறிவிக்க முடியாது.

இப்போதெல்லாம் சில எழுத்தர்கள் பழைய தொடரை விட்டுவிட்டு 'நல்ல மனநிலையுடன்' என்று எளிமையாக எழுதுகிறார்கள். படிக்கச் சுலபம்தான். எனக்கென்னவோ பழையதே பிடித்திருக்கிறது. நல்ல மனநிலை என்றால் சந்தோஷமாக இருந்தார் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். உயில் எழுதும் யாரும் அவ்வளவு சந்தோஷமாக இருப்பதில்லை.

அன்றைக்கு பெரியப்பாவுக்கு இத்தனையையும் நான் சொல்லவில்லை, பாதி எனக்கே அப்போது தெரியாது. "நிலம் உங்க கையில இருக்கிற மாதிரி மனசும் உங்க கையில இருக்குன்னு அர்த்தம் பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப உயில்னா?"

அதற்கு எழுத்தரே பதில் சொன்னார். ஆங்கிலத்து 'வில்' தான் தமிழில் உயில் ஆனது, விருப்பம் என்று அர்த்தம் என்றார். பெரியப்பா தலையை ஆட்டினார். "அப்ப அதுவும் சித்தம்தான். உங்கள் சித்தம்னு சொல்றோமே, அது." பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சர்வே எண்ணை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது.